பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குப் போடுவார்?

வியாழக்கிழமை காலை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது மகள் நிர்மலாவின் அழைப்பு வந்தது. அவள் இங்கே ஹோர்சன்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். என்னோடு தமிழில்தான் கதைப்பாள். அழுகை வந்தால் மட்டும் டேனிஷுக்குப் போய்விடுவாள். அன்று வாயைத் திறந்ததே டேனிஷில்தான். மிச்சத்தைக் கேட்க எனக்குத் தேவைப்படவில்லை. "நபோ மாமாவோ?" என்றேன். "ஓம் அப்பா, விடியக்காலமை. நான் பக்கத்திலைதான் இருந்தனான்" என்றாள். தேத்தண்ணி ஆறிப்போய்க் குசினியிலேயே கிடந்தது.

இராசநாயகம் என்ற அவருடைய சொந்தப் பெயர் உங்களில் பலருக்கு மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். ஹோர்சன்ஸில், ரண்டர்ஸில், விபோர்க்கில் இருக்கிற எங்கள் சனத்துக்கு அவர் நபோ அண்ணை. நபோ என்றால் டேனிஷில் பக்கத்து வீட்டுக்காரர். அவர் எல்லாருக்கும் நல்ல அயலவராக இருந்ததால் வந்த பெயர் என்று போன ஒன்றுகூடலில் ஒருவர் மேடையேறிச் சொன்னார். நல்ல கதை! பெயர் அப்படி வரவில்லை. எப்படி வந்தது என்பதைச் சொல்லப்போனால் என் வீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். இவ்வளவு காலமும் அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை.

பிந்தி வந்தவர்களுக்கு அவரை வேறு விதமாகத்தான் தெரியும். எதையும் முன்கூட்டிச் சொல்லாத மனுசன். "அண்ணை, நாளைக்கு மழை வருமோ?" என்று பெடியள் வேணுமென்றே கேட்பார்கள். "நாளைக்குப் பாப்பம்" என்பார். உதைபந்தாட்டத்தில் எந்த அணி வெல்லும் என்று கேட்டால் எழும்பிப் போய்விடுவார். தேர்தல் காலத்தில் அவர் வீட்டுத் தொலைக்காட்சியைத் திறப்பதே இல்லை. அவரை வைத்து நீங்கள் எல்லோரும் நன்றாகச் சிரித்திருக்கிறீர்கள்.

ஊரில் இருந்தபோது அவர் இப்படி இல்லை. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். தேர்தல் என்று ஒன்று வந்துவிட்டால் மனுசனுக்குச் சோறு தண்ணி தேவையில்லை. எந்தத் தொகுதியில் யார் வெல்லுவார், யாருக்குக் கட்டுப்பணமும் போகும் என்று வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லிவிடுவார், அது அப்படியே நடக்கும். வேட்பாளர்களே ஆள் அனுப்பிக் கேட்பார்களாம். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. "நீ ஆருக்குப் போடுவாய் எண்டு ஒருத்தரையும் கேக்கப்படாது தம்பி. தன்ர வாக்கைப் பற்றிக் கேட்டால் மனுசன் வெக்கத்திலையும் பயத்திலையும் பொய் சொல்லுவான். உன்ர பக்கத்து வீட்டுக்காரர் ஆருக்குப் போடுவார் எண்டு கேட்டுப் பார். தன்ர மனசிலை உள்ளதை அந்தாளின்ர தலையிலை வைச்சு அப்பிடியே சொல்லிப்போடுவான்." இதைச் சொல்லும்போது அவருக்கு அப்படி ஒரு பெருமை. நான் அதை எத்தனையோ தரம் கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறேன்.

நானும் அவரும் ஹோர்சன்ஸில் ஒரே இறைச்சித் தொழிற்சாலையில், ஒரே வரிசையில் கத்தி பிடித்தவர்கள். எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்ததும் மனைவி றெஜினாவையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்திருந்தேன். நிர்மலா அப்போது சின்னப் பிள்ளை. சட்டப்படி அது எங்களுக்குரிய உரிமை, ஒருவரிடமும் பிச்சை கேட்கவில்லை. ஆனால் கோப்புகள் அசையவில்லை. "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில். விபோர்க்கில் இருந்த பெடியளுக்கும் அதே பதில், ரண்டர்ஸில் இருந்தவர்களுக்கும் அதே பதில். இந்திய இராணுவம் இறங்கிவிட்டது, இனி அங்கே சமாதானம், ஆட்கள் திரும்பிப் போகலாம் என்று இங்கே பத்திரிகைகளில் கதை வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வந்த கடிதங்களில் ஊரடங்கும் சுற்றிவளைப்பும்தான் இருந்தன. மேலிடத்து வாய்ச்சொல்லில் எங்கள் கோப்புகளை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அப்போது எங்களுக்கு எதுவுமே தெரியாது, தபால்காரனைப் பார்த்தபடி இருந்தோம்.

அந்த நேரத்தில்தான் திடீரென்று தேர்தல் அறிவித்தார்கள். முந்தின தேர்தல் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏதோ வெளிநாட்டுப் போர்க்கப்பல் விவகாரத்தில் நாடாளுமன்றத்தில் தோற்றுப்போய்ப் பிரதமர் கலைத்துவிட்டார். எங்கள் நாட்டில் இடையில் தேர்தல் வரவேண்டுமென்றால் ஒரு எம்.பி. செத்திருக்கவேண்டும். இங்கே ஒருவரும் சாகவில்லை, முழு நாட்டுக்கும் தேர்தல்! விளக்குக் கம்பங்களில் சிரித்த முகங்கள் ஏறின. எங்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் அந்த முகங்களில் எது வெல்லும் என்பதில்தான் எங்கள் பெண்டு பிள்ளைகளின் வரவு இருந்தது.

நபோ அண்ணை நிமிர்ந்து நின்ற காலம் அது. வேலை முடிந்ததும் பஸ்ஸில் ஏறுவார், உடுப்புத் தோய்க்கும் கடையில் போய்க் குந்துவார், கன்டீனில் ஒவ்வொரு மேசையாகப் போவார். தெரிந்த அரைகுறை டேனிஷில் எல்லாரிடமும் ஒரே கேள்வி: "உன்ர நபோ, அவர் ஆருக்குப் போடுவார்?" டேனிஷ்காரர் முதலில் முழிப்பார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு உண்மையிலேயே சொல்லுவார்கள். கெல்ட் என்று எங்கள் வரிசையில் ஒரு பெரிய மனுசன் இருந்தார், தொழிற்சங்கக்காரர். அவர்தான் முதலில் "இந்தா நபோ வாறார்" என்று கத்தினவர். பெயர் ஒட்டிக்கொண்டது.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்ததும் எங்கள் பெடியள் எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். "தொழிலாளர் கட்சிதான் முதல் வரும். எழுதி வையுங்கோ" என்றார். யாரோ, "வலு நிச்சயமோ அண்ணை?" என்றான். "நான் சொல்லி எப்பவாவது பிழைச்சதோ?" என்று திருப்பிக் கேட்டார். எங்கள் கோப்புகளுக்கு ஏதாவது நல்லது நடக்குமென்றால் அந்தக் கட்சியால்தான் என்று எல்லாரும் நம்பியிருந்தோம். சிலர் திரும்பவும் கோயிலுக்குள் போய் மெழுகுதிரி ஏற்றினார்கள். அவர் சைவக்காரர், எங்களைப் பார்க்கத்தான் வந்திருந்தார். அவரும் பின்னால் போய் ஒன்று ஏற்றினார்.

எனக்கு மட்டும் மெழுகுதிரியால் தீராத ஒரு அவசரம் இருந்தது. றெஜினா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து, என் மச்சான் வீட்டில் நின்றாள். ஒரு ஏஜென்ட் ஆட்களை அனுப்ப இருந்தான், அதில் இரண்டு இடம் எங்களுக்கு வைத்திருந்தான். அன்று மாலைக்குள் ஓம் அல்லது இல்லை சொல்லவேண்டும். எங்கெங்கோ நாடுகளில் இறங்கி ஏறுகிற பாதை. இடையில் அகப்பட்டுத் திரும்பியவர்களும் இருந்தார்கள், ஒரு தகவலும் இல்லாமல் போனவர்களும் இருந்தார்கள். சின்னப் பிள்ளையோடு ஒரு பெண் தனியே போகிற பாதையா அது? ஆனால் கோப்பு திறக்கவே திறக்காது என்றால் வேறு என்ன வழி?

பின்னேரம் அவருடைய அறைக்குப் போனேன். தேத்தண்ணி வைத்தார், நான் குடிக்கவில்லை. "அண்ணை, ஊர்க்கதை வேண்டாம். எனக்கு ஒரு சொல் சொல்லுங்கோ. அவை வெல்லுவினமோ?" என்றேன். "வெல்லுவினம்." "வெண்டால் கோப்பு திறபடுமோ?" தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார். "வெண்டவை ஆட்சிக்கு வருவினம். வந்தால் திறக்கத்தானே வேணும்." "அப்ப நான் றெஜினாவை மறிக்கட்டோ?" அவர் எழும்பி யன்னலடிக்குப் போனார். யன்னலுக்கு வெளியே விளக்குக் கம்பத்தில் தொங்கின படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "என்ர மனுசி பிள்ளையள் எண்டால் நான் மறிப்பன்" என்றார்.

தொலைபேசிக் கூண்டிலிருந்து கொழும்புக்கு எடுத்தேன். றெஜினா சண்டை பிடிக்கவில்லை. அவளுக்கும் அந்தப் பாதை பயம்தான். "அங்கை தேர்தல் முடிய எவ்வளவு நாளிலை கூப்பிடுவீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். கெதியிலை என்றேன். "இவளுக்குக் குளிருக்கெண்டு சப்பாத்து வாங்கிப்போட்டன். கழட்டமாட்டன் எண்டு நிக்கிறாள். அதோடையே ஊருக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவளுடைய குரலை நான் கேட்கவில்லை.

வாக்கெடுப்புக்கு அடுத்த நாள் காலை கன்டீனில் வானொலி சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. தொழிலாளர் கட்சிதான் முதல்! மற்றக் கட்சி ஒன்றும் கிட்டவும் வரவில்லை. நாங்கள் எழும்பி நின்று கை தட்டினோம். ஒருவன் நபோ அண்ணையைத் தூக்கியே விட்டான். வெள்ளை மேலங்கியும் தலைமூடியுமாக மனுசன் வெட்கப்பட்டு, "விடடா, விழுத்திப்போடாதை" என்று கத்தினார். நான் அவருடைய கையைப் பிடித்துக் கொஞ்சினேன், உண்மை. கெல்ட் மட்டும் தின்ன எடுத்த பாணைக் கையில் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குக் கை தட்டுறீங்கள்?" என்று கேட்டார். அவர்கள் வென்றுவிட்டார்களே என்றோம். "அவை எப்பவும் முதல்தான் வருவினம். என்ர அப்பா காலத்திலையும் அவைதான் முதல். அதைச் சொல்ல ஆரும் தேவையோ?" என்றார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, மேசையில் இருந்த பெரிய கோப்பிச் சாடியை ஒரு பக்கம் வைத்தார். சின்னக் கோப்பைகளை மற்றப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். சாடி பெரிதுதான், ஆனால் கோப்பைகள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தால் சாடிக்கு வேலையில்லை என்றார். இந்த நாட்டில் முதல் வந்தவருக்கு ஆட்சி கிடைக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. யாரை மற்றவர்கள் விழுத்தாமல் விடுகிறார்களோ அவர்தான் பிரதமர். நபோ அண்ணை அந்தக் கோப்பைகளையே பார்த்தபடி நின்றார். 

நாங்கள் எல்லாரும் விட்ட பிழை அது. எங்கள் நாட்டில் ஆகக் கூடுதலான ஆசனம் எடுத்த கட்சியின் தலைவர் மாலையும் கழுத்துமாகப் போய்ச் சத்தியப்பிரமாணம் எடுப்பார். வேறு விதமாகவும் நடக்கலாம் என்று எங்கள் புத்தியில் ஏறவே இல்லை. அண்ணை முதல் வருவது யார் என்று கேட்டு, சரியாகத்தான் சொன்னார். ஆட்சி யாருக்கு என்று ஒரு டேனிஷ்காரனையும் அவர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த கிழமைகள் மாதிரி ஒரு வேதனை எதிரிக்கும் வேண்டாம். அரசியல்வாதிகள் ஒருவர் மாறி ஒருவர் அரசியாரிடம் போய் வந்தார்கள். இன்றைக்கு இவர் பேசுகிறார், நாளைக்கு அவர் முயற்சி செய்கிறார் என்று வானொலியில் சொல்லுவார்கள். ஒவ்வொரு செய்திக்கும் அண்ணை கத்தியை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கேட்டு வருவார். "இன்னும் முடியேல்லை தம்பி, இன்னும் முடியேல்லை" என்பார். கடைசியில் ஒரு நாள் ஓடிப்போனவர் நடந்து வந்தார். பழைய பிரதமர்தான் புதுப் பிரதமர். எங்கள் கோப்புகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

ஏஜென்ட் அனுப்பின ஆட்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். எல்லாரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். அதில் ஒரு குடும்பம் இன்றைக்கும் ரண்டர்ஸில் இருக்கிறது.

மழைக்காலத்தில் றெஜினாவுக்கு வயிற்றுக் குத்து வந்தது. குடல்வால் வீக்கம். இங்கே என்றால் ஒரு சின்னச் சத்திரசிகிச்சை, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே ஊரடங்கு. தெருவில் இறங்கினால் சுடுவார்கள். விடிந்து ஊரடங்கு எடுத்தபிறகு சைக்கிளில் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். வழியிலேயே என் றெஜினா போய்விட்டாள். மச்சானின் தந்தி வேலைத்தலத்துக்கு வந்தது, கெல்ட்தான் என் கையில் கொண்டுவந்து தந்தார்.

அன்றைக்கு நேரே அண்ணையின் அறைக்குத்தான் போனேன். பெடியள் என்னைப் பிடித்து இழுத்தார்கள், உதறிவிட்டேன். "வெல்லும் எண்டு சொன்ன வாயாலை இதையும் சொல்லுங்கோ. என்ர பிள்ளையாவது உயிரோடை வருமோ? சொல்லுங்கோ!" என்று கத்தினேன். அவர் பின்னுக்குப் போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். கோபப்பட்டது பிழை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் கத்தியிருப்பீர்கள். அவர் எதையும் முன்கூட்டிச் சொல்வதை விட்டது அந்த நாளில்தான்.

அடுத்த வருடம் அமைச்சர் மாறி, கோப்புகள் அசையத் தொடங்கின. நிர்மலா என் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு விமான நிலையம்வரை வந்து, அங்கிருந்து ஒரு விமானப் பணிப்பெண்ணோடு வந்து இறங்கினாள். என்னை ஆரென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது காலை வேலை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட ஆளில்லை. ஒரு வார்த்தை கேட்காமலே நபோ அண்ணை மாலை வேலைக்கு மாறினார். ஒவ்வொரு நாளும் காலையில் எங்கள் படிக்கட்டில் வந்து நிற்பார். பிள்ளை இறங்கி ஓடும், அவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். எனக்கு லீவு வந்த நாட்களிலும் அவர் வருவார், நான் மேலே நின்று பார்ப்பேன். நானும் அவரும் கதைப்பதில்லை. பிள்ளைக்கு அவர் மாமா. அந்த உறவில் நான் கை வைக்கவில்லை.

வருடங்கள் போக, தலையாட்டத் தொடங்கினோம். பிறகு "குளிர்", "ஓம், குளிர்தான்" என்று கொஞ்சம் கதை வந்தது. கிடப்பில் போட்ட எங்கள் கோப்புகளைப் பற்றிய விசாரணை முடிந்து, அதனாலேயே ஒரு நாள் அந்த அரசாங்கம் விழுந்தது. தேர்தல் இல்லை, சுவரொட்டி இல்லை, ஆட்சி மாறிவிட்டது. அன்று வேலைத்தலத்து வாசலில் எனக்காக நின்றார். "தம்பி, இதை நான் சொல்லேல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். நான் "ஓம் அண்ணை" என்றேன். றெஜினாவின் பெயரை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சைக்கிள்களை உருட்டிக்கொண்டு சந்திவரை ஒன்றாக நடந்தோம்.

போன மாதம் நிர்மலா சொன்னாள், மாமா நித்திரை கொள்ளுகிறாரில்லை, என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார், நீங்கள் ஒருக்கால் வந்து பாருங்கோ என்று. போனேன். அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அவருடைய அறை நடையின் கடைசியில் இருந்தது. ஒரு பக்கம் வெளிச்சுவர், மறுபக்கம் படுக்கை விரிப்புகள் அடுக்குகிற அறை. மனுசன் மெலிந்து, போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. "எப்பிடி அண்ணை, சுகமோ?" என்றேன். "ஒரு குறையும் இல்லை, ராசா மாதிரிப் பாக்கினம்" என்றார். "நித்திரை?" "நல்ல நித்திரை." பச்சைப் பொய். எழும்பிப் போகலாமோ என்று பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய கேள்வி ஞாபகம் வந்தது.

"அப்ப உங்கட பக்கத்து அறைக்காரர்? அவர் எப்பிடி?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முகம் கொஞ்சம் விரிந்தது, பிறகு சுருங்கியது. "அவர் பாவம்" என்றார். "கண் மூடுறேல்லை. ஒரு தம்பியின்ர குடும்பத்தைத் தன்ர வாயாலை அழிச்சுப்போட்டாராம். அந்தத் தம்பி தன்னை மன்னிப்பானோ எண்டு என்னைக் கேக்கிறார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எதையும் முன்கூட்டிச் சொல்லுறதை நான் விட்டிட்டன் எண்டு சொன்னனான்."

 நேரே சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. அவருடைய வழியிலேயேதான் சொன்னேன். "அண்ணை, அந்தத் தம்பியை எனக்குத் தெரியாது. ஆனா அவன்ர பக்கத்து வீட்டுக்காரனை எனக்குத் தெரியும். அவனிட்டைக் கேட்டனான். அவன் மன்னிச்சுக் கனகாலமாம். சைக்கிளிலை பிள்ளையைக் கொண்டுபோகேக்கையே மன்னிச்சிட்டானாம். சொல்லத்தான் தெரியேல்லையாம்."

அவர் என் கையைப் பிடித்தார். "பக்கத்து அறைக்காரருக்குச் சொல்லிவிடுறன்" என்றார். கண்ணால் கண்ணீர் ஓடியது. அன்று பகலிலேயே நன்றாகத் தூங்கினார் என்று நிர்மலா சொன்னாள்.

சனிக்கிழமை அவருடைய இறுதிச் சடங்கு. எனக்கு அவர் விட்டுப்போனது அந்தக் கேள்விதான், அது என்னோடு இருக்கும். நீங்கள் எல்லோரும் வருவீர்கள் என்று தெரியும். வாசலில் என் கையைப் பிடித்து "அன்ரன் அண்ணை, எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்காதேங்கோ, நல்ல சுகம் என்றுதான் சொல்லுவேன். உங்கட பக்கத்து வீட்டுக்காரர் எப்பிடி இருக்கிறார் என்று கேளுங்கோ.